எறும்பு ஏறாத மாத்திரை

டாக்டர் கண்ணாயிரத்தின் அறையில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்தாம். சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி டாக்டர் கண்ணாயிரம், சிதம்பரம் வெள்ளாறு மருத்துவமனையின் இதயப் பிரிவுத் தலைவர். அவருக்கு எதிரே, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்த டாக்டர் வினோதினி, புற்றுநோயாளிகளின் இதயத்தை ஆராய்கிறவள். கதவோரம் பழனிவேல், குடிகாட்டுக்காரன், புகார் கொடுத்தவன். ஜன்னலோரம் வினோதினியின் பெரியப்பா ராமாமிர்தம், குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் கேமராப் பையுடன் ராபர்ட். இவர்களைத் தவிர, மேசைமேல் எறும்புகள். எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அந்த அறையில் அன்றைக்கு அதிக மரியாதை அவற்றுக்குத்தான் கிடைத்தது.

மேசையில் இரண்டு சாசர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மாத்திரை. இடது சாசரில் எறும்புகள் திருவிழாக் கூட்டம் போல மொய்த்துக் கிடந்தன. வலது சாசரின் விளிம்பு வரை வந்த எறும்புகள், சம்பந்தம் பேச வந்த இடத்தில் அவமானப்பட்டவர்களைப் போலத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் கண்ணாயிரம். "எறும்பு மொய்க்கிறது இவரோட அம்மா கொளஞ்சியம்மாளுக்குக் கொடுத்த மாத்திரை. வெறும் சக்கரை மாவு. எறும்பு தொடாதது அமராவதியம்மாளுக்குக் கொடுத்தது. அசல் மருந்து. அமராவதியம்மாள் யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அமராவதி ராமாமிர்தத்தின் ஒரே தங்கை. வினோதினிக்குச் சொந்த அத்தை.

மார்பகப் புற்றுநோய்க்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற சிவப்பு மருந்து ஒன்று உண்டு. கட்டியைக் கரைக்கும். சிலருக்கு அதோடு இதயத்தையும் களைக்க வைத்துவிடும். நோய் போய்விட்டது என்று வீட்டுக்குப் போனவர்கள், கொஞ்ச காலம் கழித்து மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவார்கள். வயசு ஆகிவிட்டது என்று ஊர் சொல்லும். வினோதினி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை சிவப்பு மருந்து ஏற்றுமுன்னும் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தாள். கூடவே, இதயத் துடிப்பைத் தணிக்கிற ஒரு சின்ன மாத்திரை கொடுத்தால் இதயம் தப்பிக்குமா என்று ஆராய்ந்தாள். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு அதே உருவத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, வினோதினிக்கும் தெரியாது. அந்தக் குறியீடு சென்னையில் வேறொருவர் பொறுப்பில் இருந்தது. எல்லா நோயாளிகளும் இதற்குச் சம்மதித்துத்தான் சேர்ந்திருந்தார்கள்.

இப்போது கொளஞ்சியம்மாளின் இதயம் களைத்துவிட்டது. மாடி வார்டில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கடலூரில் அமராவதி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். ஊருக்கு இது போதாதா?

"சாயங்காலம் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு கூடுது" என்றார் கண்ணாயிரம். "ஆராய்ச்சியை மூடிட்டு, இந்தப் பொண்ணு பேரை மெடிக்கல் கவுன்சிலுக்கு அனுப்பப் போறோம். நான் அப்பவே சொன்னேன். கேன்சர்காரங்களுக்கு நெஞ்சைப் படம் புடிக்கிறது எதுக்கு? இருக்கற சிக்கல் போதாதா?"

"சார்," என்றான் ராபர்ட், "எறும்பு சாட்சி சொல்லுதே, அதுகிட்ட எந்தப் புத்தகத்து மேல சத்தியம் வாங்குனீங்க?"

ராபர்ட் கடலூர் முதுநகரில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். ராமாமிர்தம் வேலையில் இருந்த காலத்தில் குற்றம் நடந்த இடங்களைப் படம் எடுத்துக் கொடுத்தவன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவன் வாய் ஓய்வு பெறவில்லை.

திட்டக்குடிப் பக்கம் நிலத்தை உழுது, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலை நிமிர்ந்த குடும்பம் ராமாமிர்தத்துடையது. அந்தக் குடும்பத்துப் பெண்ணை நிற்க வைத்து, எறும்பை விட்டு விசாரிக்கிற நாள் வரும் என்று அவர் நினைத்ததில்லை. அவர் எறும்புகளையே பார்த்தார். அவை சுவரிலிருந்து வரவில்லை. மேசையின் கீழ் டிராயர் இடுக்கிலிருந்து வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. அதை மனதில் முடிந்துகொண்டார்.

புகாரை வாங்கிப் படித்தார். கடலூர் வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்தது. 'பெயர் வெளியிடத் தகாத மருந்தொன்றைத் தமது உறவினருக்கு மட்டும் இரகசியமாக அளித்துவந்துள்ளார்' என்று இருந்தது.

"ராபர்ட், வா" என்றார். "எறும்பு அப்புறம். இந்த வரியைப் பெத்தது யாருன்னு பாக்கணும்."

வராந்தாவில் பழனிவேலை நிறுத்தினார். ரசாயனத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். கண்கள் சிவந்திருந்தன. தூங்கி நாளாகியிருக்க வேண்டும்.

"தம்பி, பேர் வெளியிடத் தகாத மருந்துன்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

"ஏன் சார், என்னையும் ஸ்டேஷனுக்கு இட்டுனு போவீங்களா? உங்க தங்கச்சி ஜம்முனு ஊட்ல இருக்காங்க. எங்கம்மா மூக்குல குழாயோட கெடக்குது."

"அதுக்குத்தான் கேக்கறேன். யார் சொன்னது?"

"உங்க தங்கச்சிதான். அவுங்க வாயாலயே சொன்னாங்களாம். ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதான் இங்க வருவாங்க. எங்கம்மா மாத்திரையில எறும்பு ஏறுதுன்னு சொல்லிச்சாம். அதுக்கு அவுங்க, எங்கிட்ட இருக்கறது வேற, அது பேரே சொல்லக்கூடாத மருந்து, அதனால எறும்பு வராதுன்னாங்களாம். அம்மா ஊட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச்சு. உடம்பு முடியாமப் போனப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது."

"அவுங்க மாத்திரை உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

"ஒரு நா எங்கம்மா மறந்துட்டு பஸ் ஏறிடுச்சு. உங்க தங்கச்சி தன்னோடதுல ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணைப் போட்டுச்சு. ஒண்ணு பொட்டலத்துலயே மீந்துது." குரலைத் தாழ்த்தினான். "சார், எனக்கு டாக்டரம்மா மேல பகை இல்ல. எங்கம்மாவுக்கு ஏன் சார் மாவைக் கொடுக்கணும்?"

மாடிக்குப் போய்க் கொளஞ்சியம்மாளையே கேட்கலாம் என்றால், பார்வையாளர் யாரும் கூடாது என்று கண்ணாயிரம் கதவில் ஆள் போட்டிருந்தார். மகன் பேசினான், வக்கீல் எழுதினார், டாக்டர் எறும்பு மேய்த்தார். சம்பந்தப்பட்டவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர்களின் விசாரணை இந்த லட்சணத்தில் இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வாய். அதுவும் அவர் வீட்டு வாய்.

ராபர்ட்டின் ஆம்னி வேன் கடலூர்ச் சாலையில் பறந்தது. வேனின் பக்கவாட்டில் 'ராபர்ட் ஸ்டுடியோ: தொட்டில் முதல் மாலை போட்ட படம் வரை' என்று எழுதியிருந்தது.

"சார், தங்கச்சியம்மா உண்மையிலேயே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா வினோதினி தப்பு பண்ணியிருக்கா. தப்பு பண்ணியிருந்தா நானே குழு முன்னாடி போய்ச் சொல்லுவேன்."

"சொந்தப் பொண்ணையா?"

"மத்தவங்க வீட்டுப் பொண்ணுன்னா யோசிச்சிருப்பேன்."

ராபர்ட் கொட்டாவி விட்டான். "மன்னிச்சுக்குங்க சார். வீட்ல கைக்குழந்தை. பகல்ல அது தூங்குது, ராத்திரி நான் முழிக்கிறேன். ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டுக்கிட்டோம்."

குடிகாடு நெருங்கியதும் தொழிற்சாலைப் புகை நாற்றத்துக்கு இருவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். முதுநகர் தாண்டிய பிறகுதான் இறக்கினார்கள்.

மஞ்சக்குப்பத்து வீட்டில் அமராவதி தையல் மிஷின் முன் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். சிகிச்சையில் முடி கொட்டிப்போன தலைக்குத் தானே தைத்த பூப்போட்ட துணித் தொப்பியை அணிந்திருந்தாள். உடம்பு சரியில்லாதவளிடம் இந்தச் சாக்கடையைக் கொண்டுபோக வேண்டாம் என்று புகார் விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"வாங்கண்ணே. வாங்க ராபர்ட் தம்பி. என்ன, ரெண்டு பேர் மூஞ்சியும் சீல் வெச்ச மாதிரி இருக்கு?"

"அமராவதி, வினோதினி உனக்குத் தனியா ஏதாவது மருந்து கொடுத்தாளா?"

"அவளா? ஒரு தலைவலி மாத்திரை கேட்டாக்கூட, அத்தை, ஆராய்ச்சி முடியட்டும்ங்கறா. ரொம்ப ஜாஸ்தியாத்தான் சட்டம் பேசறா. உங்க ரத்தம்."

"பெயர் வெளியிடத் தகாத மருந்துன்னு பஸ்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

"இது என்ன பேச்சு? கவர்மென்ட் நோட்டீஸ் மாதிரி. அப்படியெல்லாம் நான் பேசுவேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அமராவதிக்குக் காது சிவக்கும். சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரியும். அப்படியானால் பழனிவேல் பொய் சொன்னானா? அவன் கண்களும் பொய்க் கண்கள் அல்ல. இரண்டு பேரும் உண்மை சொன்னால் நடுவில் யாரோ பிசகியிருக்க வேண்டும்.

"மாத்திரையை எடுத்துட்டு வா."

பழைய பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி அட்டைப்பெட்டியில் கொடுப்பதை அப்படியே வைத்துக்கொள்ள நம் பெண்களுக்குக் கை வராது. வீட்டு டப்பாவில் கொட்டினால்தான் அது தங்கள் மருந்து. ராமாமிர்தம் மூடியைத் திறந்தார். ராபர்ட் எட்டி மூக்கை நுழைத்தான்.

"சார், இது எங்க வீட்டு வாசனை."

"என்னடா உளர்றே?"

"சத்தியமா சார். எங்க பாப்பாவைத் தூக்குனா இதே வாசனைதான் வரும்."

ராமாமிர்தம் மாத்திரைகளைத் தட்டில் கவிழ்த்தார். அவற்றோடு விரல்கடை நீளத்துக்குக் காய்ந்த வேர்த்துண்டு ஒன்று விழுந்தது.

"இது என்ன?"

"அதுவா? பூச்சி எறும்பு அண்டாம இருக்கப் போட்டு வெக்கறது."

"பேர் என்ன?"

அமராவதி வாயை மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். பேர் என்ன?"

"அதைச் சொல்லக்கூடாதுண்ணே."

"யார் சொல்லக்கூடாதுன்னது? வினோதினியா?"

"அவ எதுக்குச் சொல்றா? நம்ம அம்மா சொன்னதில்ல. நம்ம வீட்டுல எந்தப் பொம்பளையும் சொன்னதில்ல. பேர் சொல்லா மருந்துன்னுதான் சொல்லுவோம். உங்க வயித்துலயும் இதைத்தான் சுட்டு இழைச்சுப் பூசி வளத்தாங்க. இது கூடவா தெரியாம போலீஸ்ல இருந்தீங்க?"

"வசம்பு!" என்று கத்தினான் ராபர்ட்.

அமராவதி காதைப் பொத்திக்கொண்டாள். "ராபர்ட் தம்பி!"

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க. எங்கம்மா சவரியம்மாள் பிள்ளை வளர்ப்பான்னுதான் சொல்லும். ஒரு நா நான் பேரைச் சொல்லிட்டேன்னு சோத்துக் கரண்டியால ஒண்ணு வெச்சுது."

ராமாமிர்தம் வேரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பேர் சொல்லா மருந்து. பஸ்ஸில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது. கேட்டவளுக்கு அது வசம்பு என்று புரிந்தது. அவள் வீட்டுக்குப் போய் மகனிடம் சொன்னாள். மகன் காதில் அது பேரே சொல்லக்கூடாத மருந்து ஆயிற்று. வக்கீல் பேனாவில் பெயர் வெளியிடத் தகாத மருந்து ஆயிற்று. டாக்டர் கண்ணாயிரத்தின் மேசையில் மோசடி ஆயிற்று. குடும்ப மானம் ஒரு வேர்த்துண்டில் வழுக்கி விழுந்திருந்தது.

"கொளஞ்சி பாவம், மாத்திரையைப் பனங்கற்கண்டு டப்பாவுல கொட்டி வெச்சிருக்கா" என்றாள் அமராவதி. "எறும்பு ஏறாம என்ன செய்யும்? நீயும் ஒரு துண்டு போட்டு வையின்னு சொன்னேன். ஆமா, இதுக்கா சிதம்பரத்துலேருந்து ஓடி வந்தீங்க?"

சொன்னார். முழுவதும் சொன்னார். மாத்திரையைக் கை மாற்றியது தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னார். அமராவதி கேட்டு முடித்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"தம்பி, வண்டியை எடுங்க."

சாயங்காலம் குழு கூடியபோது தலைவர் வைத்திலிங்கம் நடுவில் இருந்தார். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பேராசிரியர், அதிகம் பேசாதவர். ராமாமிர்தம் கேட்டது ஒன்றுதான்: மருந்தறையிலிருந்து அதே இரண்டு நோயாளிகளுக்கு உரிய புதிய பெட்டிகளைப் பிரித்து, டாக்டர் கண்ணாயிரத்தின் அறையில், அதே மேசையில் வைக்க வேண்டும்.

வைத்தார்கள். குழு முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது, கதவோரம் பழனிவேலும் அமராவதியும். கொஞ்ச நேரத்தில் இரண்டு சாசரிலும் எறும்பு ஏறியது. ராமாமிர்தம் சட்டைப்பையிலிருந்து வசம்பை எடுத்து வலது சாசரின் ஓரத்தில் வைத்தார். அந்தப் பக்கம் எறும்புகள் தடுமாறிக் கலைந்தன.

"ரெண்டு மாத்திரையிலும் மாவு கட்டறதுக்குப் பால் சர்க்கரை இருக்கு" என்றாள் வினோதினி. "அசலோ வெறும் மாத்திரையோ, எறும்புக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"எறும்பு எங்கேருந்து வருதுன்னும் பாத்துடலாம்" என்றார் ராமாமிர்தம். "டாக்டர், அந்தக் கீழ் டிராயரைக் கொஞ்சம் திறங்க."

"அது என் சொந்த டிராயர்."

"எறும்பு அப்படி நினைக்கலையே."

வைத்திலிங்கம் தலையசைத்தார். டிராயர் திறந்தது. அட்டைப்பெட்டியில் மைசூர்பாகு, ஓரம் கடித்த ஒரு வில்லையோடு. அதற்கு நேர் மேலே சுவரில் கண்ணாயிரத்தின் பெயரோடு ஒரு பலகை தொங்கியது: 'இனிப்பைத் தொடாதீர், இதயத்தைக் காப்பீர்.'

ராபர்ட்டின் கேமரா பளிச்சிட்டது. "பலகையும் பெட்டியும் ஒரே படத்துல விழுந்துடுச்சு சார். காலண்டருக்குக் கேட்டாலும் தரேன்."

கண்ணாயிரம் முகம் கறுத்தார். அப்படியும் விடவில்லை. "எறும்பு தொலையட்டும். அத்தைக்கு அசல் போகலைன்னு நிரூபிக்க முடியுமா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் வினோதினி. "தெரிஞ்சுக்காம இருக்கறதுதான் என் வேலை."

"குறியீட்டைத் திறந்தா அந்த நோயாளி ஆராய்ச்சியை விட்டு வெளியே போகணும்" என்றார் வைத்திலிங்கம். "கொளஞ்சியம்மாளுக்குத் திறக்கலாம். அவங்களுக்குச் சிவப்பு மருந்தை நிறுத்தியாச்சு. ஆனா இவங்க..."

"திறங்கய்யா" என்றாள் அமராவதி. "என்னால எங்க பொண்ணுக்குக் கெட்ட பேர் வந்துச்சு. நான் வெளிய போறேன்."

அண்ணனைப் பார்த்தாள். ராமாமிர்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வைத்திலிங்கம் சென்னைக்குப் போன் செய்தார். எண்களைச் சொன்னார். பதிலைக் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டுப் பழனிவேல் பக்கம் திரும்பினார்.

"உங்க அம்மாவுக்குக் கொடுத்தது அசல் மருந்து."

பிறகு அமராவதி பக்கம் திரும்பினார்.

"அமராவதியம்மா, உங்களுக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை."

அமராவதிதான் முதலில் பேசினாள். "அப்போ இத்தனை நாளா மாத்திரை போட்டதும் எனக்குத் தலை சுத்துச்சே?"

"வெயில், அத்தை" என்றாள் வினோதினி.

பழனிவேல் ஒரு எட்டு முன்னால் வந்தான். "டாக்டரம்மா, அசல் கொடுத்துமா எங்கம்மாவுக்கு இப்படி ஆச்சு?"

"எல்லாருக்கும் காப்பாத்துமா, சிலருக்குத்தானா, அதைத்தான் பாத்துட்டிருக்கேன். உங்க அம்மாவோட இதயம் களைக்கறது படத்துல தெரிஞ்ச அன்னிக்கே சிவப்பு மருந்தை நிறுத்திட்டோம். விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். இப்போ தேறிட்டு வராங்க."

அவன் கையைக் கூப்பினான். ராமாமிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்காகச் சண்டை போட்டவனைக் கும்பிட வைத்துப் பார்க்கிற வழக்கம் அவர் வீட்டில் இல்லை. கண்ணாயிரத்தைத்தான் அவர் திரும்பிப் பார்த்தார். அவரோ டிராயரை மூடுவதில் மும்முரமாக இருந்தார்.

ஆராய்ச்சி தொடரலாம் என்று குழு எழுதிக் கையெழுத்திட்டது. அமராவதி வேனில் ஏறும்போது வாசல் டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "விஷயம் தெரியுமா? டாக்டரம்மா நல்ல மருந்தைச் சொந்த அத்தைக்கு ஒதுக்கிட்டு, ஏழை பாழைக்கு மாவு கொடுத்தாங்களாம்."

ராபர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராமாமிர்தம் அவனைக் கையமர்த்திவிட்டு, முதுகு வளையாமல் கடை முன்னால் போய் நின்றார்.

"தப்பு. நல்ல மருந்து போனது குடிகாட்டுக் கொளஞ்சியம்மாளுக்கு. மாவு தின்னது என் தங்கச்சி."